கோப்பிப் பேணியும் கிணற்றுத் தண்ணியும்

(வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், இன்று காலை உங்கள் குசினியில் ஊற்றிய கோப்பி. சின்ன விடயம் என்று நினைக்கவேண்டாம். ஒரு பேணி கோப்பிக்குத் தண்ணீர் வேண்டும், தூள் வேண்டும், பால்மா வேண்டும், சீனி வேண்டும், நெருப்பு வேண்டும். இந்த ஐந்திலும் தூள் மலைநாட்டிலிருந்து அல்லது கடல் கடந்து வருகிறது. பால்மாவும் சீனியும் கப்பலில் வருகின்றன. காஸ் சிலிண்டர் லொறியில் வருகிறது. எங்கள் காலடியிலிருந்து எடுப்பது தண்ணீர் ஒன்றுதான். ஆகையால் மற்றவற்றைத் தொட்டுச் சென்று, தண்ணீரில் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

கோப்பிக் கொட்டையின் கதையில் இந்தத் தீவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. இன்று உலகம் முழுவதும் இலங்கை என்றால் தேயிலை என்பார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது கோப்பி நாடு. 1820களில் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் என்பவரும், கண்ணொறுவையில் அன்றைய ஆளுநர் எட்வேர்ட் பாண்ஸும் தோட்டம் போட்டார்கள். 1840 இல் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரிமையை நிறுவ முடியாத காடும் தரிசும் பயிரிடாத காணியும் முடிக்குரியவை என்று அந்தச் சட்டம் சொன்னது. கண்டிச் சீமைக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலமும், அதற்கு மேலிருந்த காடும் விலைக்குப் போயின. மரத்தை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, நெருப்பு வைத்து, சாம்பல் மேலே கோப்பிக் கன்றை நட்டார்கள்.

அந்தத் தோட்டங்களில் உழைத்த கைகள் எவருடையவை? பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் சனத்தினுடையவை. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாகப் போனார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கோப்பியின் சுற்றுச்சூழல் வரலாற்றை எழுதுகிறவர்கள் வெட்டிய மரத்தைக் கணக்கெடுக்கும்போது, அந்தப் பாதையோரம் புதைந்த மனிதரையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். இலைத்துரு நோய். மலைக்கு மலை, இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர் நின்றது. காற்று அந்தத் தூளை ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தடையின்றிக் கொண்டுபோனது. 1880 இல் நோயை ஆராய வந்த மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர், இடையில் வேறு மரமில்லாமல் ஒரே பயிரை நெருக்கி நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்பதைச் சுட்டிக்காட்டினார். 1884 இல் தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கியும் விழுந்தது. கோப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது. காடு திரும்பி வரவில்லை.

அந்தப் பாடத்தை உலகம் முழுமையாகப் படித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகிலுள்ள 124 காட்டுக் கோப்பி இனங்களில் 75 அழியும் ஆபத்தில் இருக்கின்றன. நாளைக்கு இன்னொரு துரு வந்தால், அதைத் தாங்கும் குணத்தை அந்தக் காட்டு இனங்களில்தான் தேடவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு. இன்று இலங்கையில் விளையும் கோப்பியில் பெரும்பகுதி கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகோடும் கராம்போடும் பலாவோடும் மர நிழலில் நிற்பது. அந்தக் கொட்டையை வாங்கி வந்து வீட்டில் வறுத்து இடிப்பது எங்கள் ஊர் வழக்கம். தாச்சி சூடேறியதும் கொட்டையைப் போட்டால் முதலில் பச்சை வாசம் வரும். கிண்டக் கிண்டச் சாம்பல் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் மண்ணிறமாகி, மெல்லிய தோல் பறந்து அடுப்படியில் விழும். கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்ட பிறகு பக்கத்தில் நின்று விலக முடியாது; ஒரு நிமிடம் கண் தப்பினால் கரியாகிவிடும். மல்லியையும் வேர்க்கொம்பையும் தனியாக வறுத்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மல்லியை மருந்தென்று மட்டும் நினைக்கவேண்டாம். தூளில் கால்பங்கு மல்லி சேர்ந்தால் கோப்பிக் கொட்டை கால்பங்கு மிச்சம். எங்கள் ஆச்சிமார் செலவைப் பார்த்துச் செய்தது மண்ணுக்கும் நன்மையாக முடிந்தது.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்.

ஒரு 125 மில்லிலீற்றர் கோப்பிக்குப் பின்னால் 140 லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்று ஒல்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே கணக்கில் 250 மில்லிலீற்றர் தேநீருக்கு 34 லீற்றர். அந்த 140 என்ற எண்ணைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்பீர்கள். அது பிழையான எண் அல்ல. ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி கோப்பி மலையில் பெய்த மழை. செடி இல்லாவிட்டாலும் அந்த மழை அங்கேதான் பெய்திருக்கும். நானுஓயா மழை ஒரு லீற்றரும் நீர்வேலிக் கிணற்றுத் தண்ணீர் ஒரு லீற்றரும் ஒரே பெறுமதி உடையவை அல்ல.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் வடகீழ்ப் பருவ மழைதான் எங்கள் முக்கிய வருமானம். அந்த மழை செம்மண்ணில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. சுற்றிவரக் கடல், கீழேயும் கடல்நீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. வலிகாமத்துக்கு ஒரு வில்லை, தென்மராட்சிக்கு ஒன்று, வடமராட்சிக்கு ஒன்று, ஊர்காவற்றுறைப் பக்கத்துக்கு ஒன்று. நிலாவரைக் கிணற்றில் இதை எவரும் அறியலாம்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்.

இந்த வில்லைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலின் பொது விதி. அதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் அந்த ஏற்றத்தை இடத்துக்கிடம் மாற்றும். ஆனால் போகும் திசை அதுதான். துலா போட்டு மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே ஒரு காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்தக் காவல் போய்விட்டது. நேற்று நல்ல தண்ணிக் கிணறாக இருந்தது இன்று சவர்க் கிணறாக மாறிய வளவுகள் இந்த மண்டபத்தில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியும்.

உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். நாக்குக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிப் போட்ட யூரியாவின் மிச்சம், கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய மலகூடக் குழியின் கசிவு, இரண்டும் செம்மண்ணினூடாக விரைவாக இறங்கி வில்லையில் சேர்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகளை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவுசெய்து வருகிறார்கள். தாய்மார் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கேத்திலில் கொதித்துக் கொதித்துச் சுண்டிய தண்ணீரில் பெரியவர்கள் கோப்பி குடிக்கிறோம். அதே தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தி குறைந்து உடல் நீலம் பாய்கிற ஆபத்து இருக்கிறது.

சுன்னாகத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின் நிலையத்துச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்து நின்றோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை வரவேற்கிறேன். ஆனால் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய எண்ணெயைப் பணம் கொடுத்துத் திருப்பி எடுக்க முடியாது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவருவோம் என்றார்கள். கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான அச்சம் குறுக்கே நின்றது. பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. பெரிய உதவிதான். ஆனால் கடல்நீரின் உப்பைப் பிரிக்க ஒரு கன மீற்றருக்கு மூன்று, நான்கு அலகு மின்சாரம் வேண்டும். இலவசமாகக் கிணற்றில் கிடைத்ததை நாங்களே பழுதாக்கிவிட்டு, நுரைச்சோலை மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துக் கடலிலிருந்து திருப்பி வாங்குகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும்.

கேத்திலைத் திறந்து உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாக, விரலால் சுரண்டினால் பொருக்காகக் கழன்று வரும் படிவு. அது எங்கள் சுண்ணக்கல். அந்தப் படிவு சூட்டைத் தடுக்கிறது. தண்ணீர் கொதிக்க நேரமும் காசும் கூடுகின்றன. தேசிக்காய்ப் புளியை விட்டு ஒரு கொதி கொதிக்க வைத்துக் கழுவினால் போய்விடும். அடுத்தது, இரண்டு பேருக்குக் கோப்பி போடக் கேத்தில் நிறையத் தண்ணீர் வைக்கும் பழக்கம். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.08 அலகு மின்சாரம் வேண்டும். ஒரு தரத்துக்கு அது ஒன்றும் இல்லை. காலை, பத்து மணி, பின்னேரம், விருந்தாளி வந்தால் இன்னொரு தரம் என்று வருடம் முழுக்க மிச்சத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பேணியால் அளந்து வையுங்கள், போதும்.

பால் பற்றி ஒரு வார்த்தை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 இல் ஒரு கணக்குச் செய்தார்கள். பாலில்லாத எஸ்பிரெஸோ ஒன்றுக்குப் பின்னால் 0.28 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு. பால் நிறைய ஊற்றிய லாட்டே ஒன்றுக்கு 0.55 கிலோகிராம். பால் சேர்ந்ததும் சுமை இரட்டிப்பாகிறது. எங்கள் பால்கோப்பிக்குப் பெரும்பாலும் நியூசிலாந்தில் கறந்து, ஆவியாக்கி, தூளாக்கிக் கப்பலேற்றிய பால்மா. 2021, 2022 இல் அந்தப் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோதுதான் எங்கள் குசினி எவ்வளவு தூரத்தை நம்பியிருக்கிறது என்று விளங்கியது. வேலியில் நிற்கும் முள்முருக்கங்குழையையும் பூவரசங்குழையையும் தின்று பால் தந்த ஆடுகள் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு நின்றன. வேலி மதிலாக மாறியது, குழை போனது, ஆடு போனது. ஆட்டை எல்லோரும் திருப்பி வளர்க்க முடியாது. ஒரு நேரக் கோப்பியை வெறுங்கோப்பியாகக் குடிக்க எல்லோராலும் முடியும். ஒரு கடி பனங்கட்டியோடு குடித்தால் சீனியும் வேண்டாம். பனைக்குப் பசளையும் இறைப்பும் தேவையில்லை என்பது உண்மை. கருப்பநீரைக் காய்ச்ச நிறைய விறகு வேண்டும் என்பதும் உண்மை. பனம்பொருளைப் புகழ்கிறவர்கள் இதையும் சொல்லவேண்டும். அதேபோல விறகடுப்புக்குத் திரும்புங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் புகையை நெஞ்சில் வாங்கியவர்கள் எங்கள் அம்மாமார்.

இனிப் பேணி. கலியாணமோ, செத்தவீடோ, அந்தியேட்டியோ, இன்று எங்கும் கடதாசிக் கப். கடதாசிதானே, உக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒட்டியிருக்கிறது; அது இல்லாவிட்டால் கோப்பி ஒழுகிவிடும். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020 இல் ஆராய்ந்து பார்த்தார்கள். 100 மில்லிலீற்றர் சூடான தண்ணீர் 15 நிமிடம் அந்தக் கப்பில் நின்றால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்ரிக் துகள்கள் தண்ணீரில் கலக்கின்றன. குடித்து எறிந்த கப், வளவு மூலையில் எரிகிறது அல்லது கல்லுண்டாய் வெளிக் குப்பை மேட்டுக்குப் போகிறது, அங்கும் எரிகிறது. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் கடல்நீரேரி. 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கப்புகளுக்கும் உறிஞ்சிகளுக்கும் கலக்கிகளுக்கும் அரசாங்கம் தடை விதித்தது. 2021 இல் சிறு சாஷே பைக்கற்றுகளையும் தடைசெய்தது. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்தது. ஆகவே ஒரு கப்புக்கு ஒரு பைக்கற்று என்று வரும் உடனடிக் கோப்பி தடையில்லாமல் கடையில் தொங்குகிறது. புலம்பெயர்ந்த உறவுகள் வீட்டில் குப்பி வைத்து அமத்தும் கோப்பி இயந்திரம் இருக்கும். ஒரு பேணிக்கு ஓர் அலுமினியக் குப்பி. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் 2016 இலேயே அவ்வகைக் குப்பிகளை அரச அலுவலகங்களுக்கு வாங்குவதை நிறுத்திவிட்டது.

கழுவிப் பாவிக்கும் பேணிக்குத் திரும்புங்கள் என்று சொல்லும்போது, எங்கள் வரலாற்றில் ஒரு புண்ணைத் தொடாமல் போக முடியாது. மூக்குப்பேணியின் அழகைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதே குடாநாட்டுத் தேநீர்க் கடைகளில் சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு சாராருக்கு மூக்குப்பேணியும் இல்லை, கண்ணாடிக் கிளாசும் இல்லை. சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனார்கள். அதற்குப் பின் சங்கானை முதலான ஊர்களில் தேநீர்க் கடைக்குள் நுழைந்து சமமாக இருந்து குடிப்பதற்காக அடிவாங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஒரு வீட்டு நிகழ்ச்சியில் கடதாசிக் கப் வசதியாக இருப்பதற்கு, யார் வாய் வைத்த பேணி என்ற பழைய எண்ணமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். ஊருக்குப் பொதுவாகப் பேணி வாங்கி, எல்லோரும் அதே பேணியில் குடித்து, எல்லோரும் சேர்ந்து கழுவுவோம் என்றால் குப்பையும் குறையும். அந்த அழுக்கும் போகும்.

கழுவத் தண்ணீர் போகுமே என்று ஒரு பிள்ளை கேட்கலாம். நல்ல கேள்வி, எங்கள் ஊரில் கேட்கவேண்டிய கேள்வி. தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஒரு சருவத்து நீரில் அலசி, அந்த நீரை வாழையடிக்கு விட்டால் அது மண்ணுக்கே திரும்புகிறது. குழாயைத் திறந்து விட்டபடி கழுவினால் உங்கள் கேள்வி சரி.

வடித்த பின் மிஞ்சும் கோப்பி மண்டியைத் தொட்டியில் ஊற்றவேண்டாம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்களவு நைதரசன் இருக்கிறது. பச்சையாகச் செடியடியில் தடிப்பாகக் கொட்டினால் இளங்கன்று வளர்ச்சி குன்றும். காய்ந்த சருகோடும் சாணத்தோடும் சேர்த்து உக்க வைத்தால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. கிணற்றில் இறங்கும் யூரியாவில் ஒரு பிடியாவது அதனால் குறையும்.

நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வாசிகசாலைக்கு வரும் நன்கொடையில் இந்த வருடம் உருக்குப் பேணிகள் வாங்கி வையுங்கள். ஊரில் எந்த வீட்டில் நன்மை தின்மை நடந்தாலும் வாடகையில்லாமல் கொடுங்கள், எந்தப் பகுதியார் கேட்டாலும் கொடுங்கள். வீட்டுக்காரரிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த மாரிக்கு முன் ஒருமுறை, மாரி முடிந்து ஒருமுறை, உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான போத்தலில் எடுத்துக்கொண்டு போய் நைத்திரேற்று எவ்வளவு என்று பரிசோதியுங்கள். விடையை வீட்டுக்குள் வைக்காமல் இந்த நிலையத்தின் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அயலவரின் குழியும் உங்கள் கிணறும் ஒரே வில்லையில்தான் இருக்கின்றன.